போர்க்காலப் படையில் ஸ்டோர், லாரி, ரேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் போர்க்காலப் படைவீரனாக என் காலம் முழுவதும் தளவாடப் பக்கத்தில்தான் கழிந்தது. அதனால் சொந்தக்காரப் பையன்கள், அவர்களுடைய அம்மாக்கள், கடை வைத்திருக்கும் நண்பர்கள் எல்லோரும் இந்தச் சந்தேகங்களை என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

ரிசர்விஸ்ட், ரிசர்விஸ்ட்னு சொல்றாங்களே, சரியா அது என்ன? எத்தனை வருஷம் போகணும்?

சிங்கப்பூரில் தேசிய சேவை 1967-ல் தொடங்கியது. ஆண்பிள்ளைகள் இரண்டு ஆண்டுகள் முழுநேரம் சேவை செய்கிறார்கள். 2004-க்கு முன்பு இது இரண்டரை ஆண்டுகள் வரை இருந்தது. ஓஆர்டி, அதாவது முழுநேரச் சேவை, முடிந்து வீட்டுக்கு வந்ததும் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அதன்பின் ஒரு பிரிவில் சேர்க்கப்பட்டு, பத்து ஆண்டுப் பயிற்சிச் சுற்று ஓடும். அதில் ஓர் ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாட்கள் வரை கூப்பிடலாம். அப்படிப் போகும் பாசறைப் பயிற்சியைத்தான் ஐசிடி என்கிறோம். பொதுவாக 40 வயது வரையும், அதிகாரிகளாக இருந்தால் 50 வயது வரையும் இந்தக் கடமை உண்டு.

1994-லேயே அதிகாரப்பூர்வப் பெயரை மாற்றிவிட்டார்கள். தமிழில் போர்க்காலப் படைவீரர் என்கிறோம். ஆனால் காப்பிக்கடையில் இன்னும் ரிசர்விஸ்ட்தான், இங்கேயும் இரண்டும் வரும்.

தளவாடம்னா என்னென்ன வேலை? ஸ்டோர்ல உக்காந்து கையெழுத்து வாங்குறது மட்டும்தானா?

அது ஒரு சின்னப் பகுதி. ஒரு படை சாப்பிட, குடிக்க, சுட, நகர, காயம்பட்டால் பிழைக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இதில் வரும். பொருள் விநியோகம், போக்குவரத்து, வாகனமும் ஆயுதமும் பழுதுபார்ப்பது, வெடிமருந்து, எரிபொருள், மருத்துவ உதவி எல்லாம் இந்தக் கூரைக்குள் அடங்கும்.

பட்டாளத்தின் ஒரு பிரிவான கம்பெனி அளவில் சிக்யூ எனப்படும் பொருள் பொறுப்பாளர், ஸ்டோர்மேன், ஆர்ம்ஸ்கோட் என்ற ஆயுத அறையைப் பார்ப்பவர், டிஓ என்று நாம் கூப்பிடும் ஓட்டுநர்கள் இருப்பார்கள். பட்டாள அளவில் எஸ்-ஃபோர் அதிகாரி மொத்தக் கணக்கையும் பார்ப்பார். அதற்கும் மேலே டிவிஷனுக்கு என்று டிஸ்காம் எனப்படும் ஆதரவுத் தலைமையகம் இருக்கிறது. போர்ச் சேவை ஆதரவுப் பட்டாளங்கள் அந்த மட்டத்தில் வேலை செய்கின்றன. அங்கே ஒரே பட்டாளத்துக்குள் லாரிக்காரர், மெக்கானிக், மெடிக் எல்லோரும் இருப்பார்கள். இந்த மேல்மட்டத்தில் ஆள்பலம் பெருமளவு போர்க்காலப் படைவீரர்களை நம்பியே இருக்கிறது.

எனக்கு ஸ்டோர்மேன் வேலை குடுத்துட்டாங்க. ரைஃபிள் தூக்கிட்டு முன்னாடி போற ஆளுங்களுக்குத்தானே மாமா மரியாதை?

இந்தக் கேள்வி என்னை எப்போதும் உறுத்தும். கேட்கிற பையன் முகத்திலேயே ஒரு கூச்சம் தெரியும். அவனுக்கு நான் கணக்குப் போட்டுக் காட்டுவேன்.

ஒரு பட்டாளத்தில் 600 பேர் என்று வைத்துக்கொள்வோம். நம்ம ஊர் வெயிலில், முழு மூட்டையுடன் நடப்பவனுக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு 6 லிட்டர் என்றால் 3,600 லிட்டர் ஆகிறது. 20 லிட்டர் ஜெர்ரி கேனில் நிரப்பினால் 180 கேன். ஒவ்வொன்றும் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். அவற்றை யாராவது நிரப்ப வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும், இருட்டில் விளக்குப் போடாமல் கொண்டுபோய் இறக்க வேண்டும், காலிக் கேன்களைத் திரும்ப எடுத்து வர வேண்டும். அடுத்த நாளும் இதே 180 கேன். இது வெறும் தண்ணீர். நம் பீரங்கிப் படை சுடும் 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று ஏறக்குறைய 45 கிலோ. ஆறு பீரங்கிகள் ஆளுக்கு நூறு குண்டு சுட்டால் 27 டன். ஐந்து டன் ஏற்றும் ஃபைவ் டன்னர் லாரி ஆறு வண்டி நிறைய ஏற்ற வேண்டும். அதைச் சுடத் தேவையான மருந்தும் திரியும் தனி. லெப்பர்ட் டாங்கி ஒன்றின் தொட்டியில் 1,100 லிட்டருக்கு மேல் டீசல் பிடிக்கும். அது தானாக நிரம்பாது.

முன்னால் போகிறவன் ஒரு நாள், இரண்டு நாள் தன் பையில் இருப்பதை வைத்து ஓட்டலாம். மூன்றாவது நாள் அவன் முன்னேறுவதா, நின்றிடத்திலேயே நிற்பதா என்பதை முடிவு செய்வது பின்னாலிருந்து வரும் லாரி. அதனால், ஸ்டோர் கிடைத்ததற்காகத் தலைகுனியாதே தம்பி. மனதாரச் சொல்கிறேன்.

அப்படி இதனால வரலாற்றுல எங்கயாவது நிஜமா வெற்றி தோல்வி மாறியிருக்கா?

வெளியே தேடவே வேண்டாம். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி காலை ஃபோர்ட் கேனிங்கில் பிரிட்டிஷ் படைத் தலைவர் ஜெனரல் பெர்சிவல் தன் தளபதிகளைக் கூட்டிப் பேசியபோது முக்கியமாக எழுந்த விஷயங்களில் ஒன்று தண்ணீர். நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் கைக்குப் போயிருந்தன. நகருக்குள் குண்டுவீச்சில் குழாய்கள் உடைந்து தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. சரணடையும் முன் அவர் மேலிடத்துக்கு அனுப்பிய தந்தியிலும் தண்ணீர், பெட்ரோல், உணவு, வெடிமருந்து கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டதையே காரணமாகச் சொன்னார். அன்று மாலை புக்கிட் தீமா ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் சரணடைவு கையெழுத்தானது. எதிர்ப்பக்கம் ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவுக்கும் வெடிமருந்து குறைந்துகொண்டே வந்தது. அதனால்தான் அவர் உடனே சரணடையச் சொல்லி அழுத்தினார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கடைசி நாளின் முடிவு, கையிருப்பு எவ்வளவு என்ற கேள்வியைச் சுற்றியே இருந்தது.

அண்மையில் பார்க்க வேண்டுமென்றால் 2022-ல் கீவ் நகருக்கு வடக்கே 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றுபோன ரஷ்ய வாகன வரிசை. உக்ரேனியர்களின் தாக்குதலோடு எரிபொருள், உணவு, பராமரிப்புச் சிக்கல்களும் சேர்ந்துதான் அதை முடக்கின.

முழுநேர ஆளுங்க, ரெகுலர் எல்லாம் இருக்காங்களே. இதுக்கு ஏன் வேலைக்குப் போற எங்களை இழுக்குறாங்க?

அமைதிக் காலத்தில் பாசறைகளுக்குத் தேவைப்படும் லாரி, உணவு, பழுதுபார்ப்பு எல்லாம் ஓர் அளவுக்குள் நிற்கும். படை முழுதாகத் திரண்டால் அந்தத் தேவை பல மடங்கு பெருகும். அந்த உச்சத்துக்கு என்று ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்க எந்தச் சிறிய நாட்டாலும் முடியாது. பெரிய நாடே அப்படிச் செய்வதில்லை. அமெரிக்கத் தரைப்படையின் தளவாட ஆதரவுப் பிரிவுகளில் பெரும்பகுதி ரிசர்விலும் நேஷனல் கார்டிலும்தான் இருக்கிறது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பிடித்தது. காலாட்படை வீரனின் திறமை வெளியே வேலைக்குப் போனால் மங்கும். தளவாடக்காரனுக்குப் பல நேரங்களில் அது வெளியே போய்த்தான் கூர்மையாகும். பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் கொள்கலன் பார்ப்பவர், சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுபவர், துவாஸில் கனரக வாகனம் பழுதுபார்ப்பவர், மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை செய்யும் தாதி என்று இவர்கள் ஆண்டு முழுக்கச் செய்யும் வேலையைத்தான் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு செய்கிறார்கள். அந்த அனுபவத்தை எந்தப் பயிற்சிப் பள்ளியாலும் இரண்டு ஆண்டில் கொடுக்க முடியாது.

ஐசிடி-ல ஸ்டோர் ஆளுங்களை மட்டும் ஏன் முன்னாடியே கூப்பிட்டு கடைசியா விடறாங்க? இது அநியாயம் இல்லையா?

கல்யாண வீட்டில் பந்திக்கு இலை விழும் முன்பே சமையல்காரர் வந்துவிடுவார், கடைசி ஆள் கைகழுவிய பிறகுதான் கிளம்புவார். அதே கதைதான். அட்வான்ஸ் பார்ட்டி முதலில் வந்து ஸ்டோரைத் திறக்கும். கூடாரம், ஜெர்ரி கேன், சிக்னல் செட், இருட்டில் பார்க்க உதவும் இரவு நேரக் கண்ணாடி என ஒவ்வொன்றையும் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, கம்பெனி கம்பெனியாகப் பிரித்து அடுக்க வேண்டும். இன்-ப்ரோ, அதாவது எல்லோரும் வந்து பதிவு செய்யும் முதல் நாள், காலை நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கும்போது எண்ணத் தொடங்கினால் அன்றைய நாள் அங்கேயே போய்விடும்.

முடியும்போது இன்னும் கஷ்டம். களத்திலிருந்து வருபவர்கள் களைத்துப்போய் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள். கேன்வாஸ் ஈரமாக இருக்கும், கயிற்றில் சேறு ஒட்டியிருக்கும். அப்படியே மடித்து உள்ளே வைத்தால் அடுத்த முறை திறக்கும்போது பூஞ்சணம் வாசனைதான் வரும். கழுவி, உலர்த்தி, வரிசை எண்ணைப் பார்த்து, ஒரு பொருள் குறைந்தால் அது கிடைக்கும் வரை தேடி, அதற்கப்புறம்தான் சிக்யூவால் பூட்டுப் போட முடியும். ஒரு இரவுநேரக் கண்ணாடி காணவில்லை என்றால் மொத்தக் கம்பெனியும் நின்று தேடியதைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு லாரி இருக்கைக்கு அடியில் கிடந்தது.

அநியாயமா என்றால், கூடுதல் உழைப்புதான். மறுக்கவில்லை. நல்ல கமாண்டர்கள் அதை உணர்ந்து, அவுட்-ப்ரோ எனும் கடைசி நாளன்று ரைஃபிள் கம்பெனிகளிலிருந்தும் ஆள் அனுப்புவார்கள். உங்கள் கமாண்டர் அனுப்பவில்லையென்றால் நேராகப் போய்க் கேளுங்கள். கேட்டால் கிடைக்கும்.

மொப் அடிச்சா என்ன நடக்கும்? உடனே துப்பாக்கி குடுத்துடுவாங்களா?

மொப் என்பது படை திரட்டல். அது இரண்டு வகை. ஒன்று, தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் வீரர்களை மட்டும் அமைதியாக அழைப்பது. மற்றொன்று, பிரிவுகளின் சங்கேதப் பெயர்களைத் தொலைக்காட்சி, வானொலி வழியாக எல்லோருக்கும் அறிவிப்பது. சின்ன வயதில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே அந்தப் பெயர்கள் வந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். சில மணி நேரத்துக்குள் பிரிவுக்கு வந்து சேர வேண்டும்.

வந்தவர்கள் கையில் ஆயுதம், தோட்டா, கவசம், வானொலி எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகே அது ஒரு பட்டாளம் ஆகிறது. அதுவரை அது ஒரு கூட்டம். மேலே அட்வான்ஸ் பார்ட்டியைப் பற்றிச் சொன்னேனே, அந்த வேலையை நிஜத்தில் நாட்கணக்கில் செய்ய நேரம் இருக்காது, மணிக்கணக்கில்தான். 2023 அக்டோபரில் இஸ்ரேல் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ரிசர்வ் வீரர்களைச் சில நாட்களில் அழைத்தது. ஆட்கள் விரைவாக வந்துவிட்டார்கள். ஆனால் சில பிரிவுகளில் உடல்கவசம் போன்றவை போதாமல் பொதுமக்கள் நன்கொடை திரட்டி வாங்கி அனுப்பும் நிலை வந்தது. ஆளைக் கூப்பிடுவதில் பாதி வேலைதான் முடிகிறது.

எங்க கம்பெனி லாரியை ராணுவம் எடுத்துக்கலாம்னு சொல்றாங்களே, உண்மையா? திருப்பிக் குடுப்பாங்களா?

உண்மைதான். 1985-ல் இயற்றப்பட்ட வளங்களைக் கையகப்படுத்தும் சட்டம் இதற்கு வழி செய்கிறது. நெருக்கடி நேரத்தில் தனியார் வாகனம், கனரக இயந்திரம், இடம் போன்றவற்றை அரசு எடுத்துப் பயன்படுத்தலாம். அதற்கு ஈட்டுத்தொகையும் உண்டு. இதற்கான ஒத்திகையும் நடக்கும். உரிமையாளருக்கு அறிவிப்பு வரும், சொன்ன இடத்துக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும், சரிபார்ப்பார்கள், ஒத்திகை முடிந்ததும் திருப்பிவிடுவார்கள்.

ராணுவத்திடம் இருக்கும் வண்டிகளை மட்டும் வைத்து, மேலே போட்ட 27 டன் கணக்கை எல்லாப் பட்டாளங்களுக்கும் பெருக்கிப் பாருங்கள். ஊரில் ஓடும் டிப்பரும் லோ-லோடரும் ஏன் தேவை என்பது தெரிந்துவிடும். அந்த வண்டிகளை வாங்கி, பிரித்து, எந்தப் பிரிவுக்கு எது என்று அனுப்பும் இடத்திலும் போர்க்காலப் படைவீரர்கள்தான் நிற்பார்கள்.

என் தம்பி டிஓ. வெளியில கிராப் கூட ஓட்டறதில்ல. வருஷத்துக்கு ஒரு தடவை ஃபைவ் டன்னர் ஓட்டறான். பயமா இருக்கு.

பயப்படுவது நியாயம், அக்கா. ஐசிடிக்கு வந்தவுடன் ஓட்டுநரிடம் சாவியைக் கொடுத்துவிட மாட்டார்கள். மறுபயிற்சி, வாகனச் சோதனை எல்லாம் முதலில் நடக்கும். பக்கத்து இருக்கையில் வாகனக் கமாண்டர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பின்னால் எடுக்கும்போது ஒருவர் கீழே இறங்கி வழிகாட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன் போதிய ஓய்வு இருந்ததா என்றும் கேட்பார்கள்.

ஆனாலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2018 நவம்பரில் ஜாலான் முராய் பயிற்சிப் பகுதியில் பின்னோக்கி வந்த கவச வாகனம் ஒன்று லேண்ட் ரோவர் மேல் ஏறியதில் அதை ஓட்டிய முழுநேர தேசிய சேவையாளர் உயிரிழந்தார். அவரும் ஒரு டிஓ. பின்வரிசை என்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் அதை மறக்கக் கூடாது. உங்கள் தம்பியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: தூக்கம் போதவில்லை என்றால் போதவில்லை என்று வாய்விட்டுச் சொல்லட்டும். யாருடைய அவசரத்துக்காகவும் ஓட்ட வேண்டாம்.

வெடிமருந்தை எல்லாம் எங்க வைக்கிறாங்க? இவ்வளவு சின்ன ஊர்ல?

பெரும் கிடங்கு ஒன்று மண்டாயில், பாறைக்கு அடியில் இருக்கிறது. 2008 மார்ச்சில் திறந்தார்கள். முன்பு கல்லுடைத்த இடம் அது. கருங்கல் பாறையைக் குடைந்து உள்ளே அறைகள் அமைத்திருக்கிறார்கள். தரைக்கு மேல் கிடங்கு வைத்தால் சுற்றிலும் பெரிய நிலப்பரப்பை ஆள் நடமாட்டம் இல்லாமல் விட வேண்டும். பாறைக்குள் வைத்ததால் அந்தத் தேவை பெரிதும் குறைந்தது. சிலேத்தார் கிழக்கில் இருந்த பழைய கிடங்கை மூடி, ஏறத்தாழ 300 ஹெக்டர் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு விடுவிக்க முடிந்தது.

நான் சுத்த சைவம். அவுட்ஃபீல்டுல என்ன சாப்பிடறது? பட்டினி கிடந்த கதை நிறையக் கேட்டிருக்கேன்.

களத்துக்கான காம்பாட் ரேஷனில் முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் போலவே சைவத்துக்கும் தனி வகை உண்டு. பட்டினிக் கதைகளில் பெரும்பாலானவை எண்ணிக்கை தவறியதால் வந்தவை. சிக்யூ உணவு எண்ணிக்கையை முன்கூட்டியே மேலே அனுப்ப வேண்டும். அந்தத் தாளில் சைவம் 4 என்று இருந்தால் நான்கு பொட்டலம்தான் வரும். ஐந்தாவது ஆள் நீங்கள் என்றால், காட்டுக்குள் போனபின் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் இன்-ப்ரோ அன்றே சிக்யூவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பெயர் எழுதிக்கொண்டாரா என்று பார்த்துவிட்டு நகருங்கள். சூடான சாப்பாடு பெரிய பாத்திரங்களில் வரும் நாட்களிலும் அப்படித்தான், சைவப் பாத்திரம் தனியாக வருகிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சொல்லக் கூச்சப்படும் நம் பையன்கள்தான் ஊறுகாயும் பிஸ்கட்டும் வைத்து ஓட்டுகிறார்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சரியான எண் கிடைப்பது சிக்யூவுக்கும் உதவிதான்.

சமையல், ரிப்பேர் எல்லாத்தையும் வெளி கம்பெனிக்குக் குடுத்தாச்சே. அப்புறம் நாங்க எதுக்கு?

பாசறைச் சமையல் தனியார் உணவு நிறுவனங்களுக்குப் போய் வெகு நாளாகிவிட்டது. பெரிய பழுதுபார்ப்பிலும் கிடங்கு வேலையிலும் தொழில்துறையின் பங்கு அதிகம். அமைதிக் காலத்தில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒப்பந்தக்காரரின் வேலை ஒரு கோட்டில் நின்றுவிடும். பாசறை வாசலுக்கு அப்பால், குண்டு விழும் இடத்தில் சங்கிலி அறுந்த கவச வாகனத்தைச் சரிசெய்யச் சீருடை போட்ட மெக்கானிக்தான் போக வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அந்த நிறுவனங்களில் வேலை செய்யும் சிங்கப்பூர் ஆண்களும் போர்க்காலப் படைவீரர்கள்தானே. மொப் வந்தால் பட்டறையில் அவர் இடம் காலியாகும், பட்டாளத்தில் அவர் இடம் நிரம்பும். ஒரே ஆளை இரண்டு பக்கமும் எண்ணிவிடக் கூடாது. மேலே சொன்ன லாரிக்கும் இதே கேள்வி வரும். வண்டி ஒரு பக்கம் போகும், அதை ஓட்டுபவர் வேறு பிரிவுக்கு அழைக்கப்பட்டிருக்கலாம், அல்லது வெளிநாட்டு ஊழியராக இருக்கலாம். திட்டமிடும் அதிகாரிக்கு உண்மையான தலைவலி இங்கேதான். என் கருத்தில், நல்ல எஸ்-ஃபோர் அதிகாரிக்கு அடையாளமே இந்தக் கேள்வியை முதல் கூட்டத்திலேயே எழுப்புவதுதான்.

நான் வெளியில சப்ளை செயின் மேனேஜர். உள்ள போனா பெட்டி தூக்க விடறாங்க. என் படிப்பு வீண்தானா?

உங்கள் திறமைக்கு ஏற்ற பொறுப்புக்கு மாற வழி இருக்கிறது. வெளி வேலையில் பெற்ற நிபுணத்துவத்தைப் பார்த்துப் போர்க்காலப் படைவீரர்களை வேறு பணிக்கு மாற்றும் திட்டங்களைத் தற்காப்பு அமைச்சு கொண்டுவந்திருக்கிறது, அண்மை ஆண்டுகளில் விரிவாக்கியும் இருக்கிறது. உங்கள் பிரிவுத் தலைமையிடம் வேலை விவரத்தோடு பேசுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பது பிரிவுக்கே தெரியாமல் இருப்பது சாதாரணம்.

அதோடு, அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்தான் அடுக்கும் முறையில் குறை கண்டுபிடிப்பார். எங்களோடு இருந்த கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர் முதல் நாளே, முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியில் ஏற்றச் சொன்னார். கேட்டால் எளிது. ஆனால் அதுவரை இருட்டில் ஒரு பெட்டிக்காக முழு லாரியையும் கிளறிக்கொண்டிருந்தோம்.

முதுகு வலின்னு என்னைக் காம்பாட்ல இருந்து மாத்திட்டாங்க. தளவாடம்னா தேறாத ஆளுங்களைப் போடற இடமா?

இல்லை. உடல்நிலைத் தரம் மாறியவர்கள் பலர் இங்கே வருவது உண்மை. ஆனால் கவனமும் நேர்மையும் இங்கே எடை தூக்கும் பலத்தைவிட முக்கியம். தோட்டா எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது உயிர்ப் பிரச்சினை. முதுகு வலி என்பதைச் சிக்யூவிடம் மறைக்காதீர்கள். பதிவேடு, விநியோக மேசை என்று உங்களுக்குத் தோதான இடம் இருக்கிறது. எடை தூக்கி வலியைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

என் மளிகைக் கடையில மூணு பேருதான். ஒருத்தன் ஐசிடி போனா நான் என்ன பண்றது? வேணாம்னு சொல்லலாமா?

சொல்ல முடியாது. சேவைக்குப் போக விடுப்புக் கொடுப்பது சட்டப்படி முதலாளியின் கடமை. தேசிய சேவையைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவது குற்றம். அந்த நாட்களுக்கான ஊதியத்தை அரசு ஈடுசெய்கிறது.

அழைப்பு முன்கூட்டியே வரும். அதனால் அந்தத் தம்பியிடம் தேதியைக் கேட்டு வாங்கிக் காலண்டரில் குறித்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் போல உங்களால் சமாளிக்கவே முடியாத நேரமாக இருந்தால், தகுந்த காரணத்தோடு அவர் ஒத்திவைப்புக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. கடைசி வாரத்தில் கேட்டால் வாய்ப்பு இன்னும் குறைவு.

சண்டையே வராத ஊர்ல இந்தத் தளவாடப் பயிற்சி எல்லாம் வேற எதுக்காவது உதவியிருக்கா?

கொவிட் பரவிய 2020 தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். 13 லட்சம் குடும்பங்களுக்கு வீட்டுக்கு நான்காக 52 லட்சம் முகக்கவசங்களைப் பிரித்துப் பையில் போடும் வேலையைச் சுமார் 1,500 ராணுவத்தினர் செய்தார்கள். ஏப்ரலில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டபோது, ராணுவமும் காவல்துறையும் சேர்ந்த குழுக்கள் அங்கே போய்ச் சாப்பாடு, துப்புரவு, மருத்துவம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தின. அந்த விடுதிகளில் நம் தமிழ்நாட்டுத் தம்பிகள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். நேரத்துக்கு வராத சாப்பாடு, வந்தும் வாய்க்கு ஒத்துவராத சாப்பாடு என்ற குறையைத் தமிழிலேயே கேட்டுப் புரிந்துகொள்ளும் ஒருவர் அங்கே இருப்பது பெரிய ஆறுதல்.

இவற்றில் முன்னணியில் நின்றவர்கள் பெரும்பாலும் முழுநேர வீரர்களும் முழுநேர தேசிய சேவையாளர்களும். போர்க்காலப் படைவீரர்களும் உதவிக்கு வந்தார்கள். எண்ணுவது, பிரிப்பது, ஏற்றுவது, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததா என்று உறுதி செய்வது: துப்பாக்கி இல்லாமல் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒரே வேலை.

பொண்ணுங்களும் பிஆர் ஆளுங்களும் இதுல சேர முடியுமா?

முடியும். பெண்கள், முதல் தலைமுறை நிரந்தரவாசிகள், புதிய குடிமக்கள் ஆகியோருக்காக ஆயுதப்படைத் தொண்டூழியர் அணி இருக்கிறது. 2015-ல் முதல் குழு பயிற்சி பெற்றது. மருத்துவம், பொறியியல், சட்டம், காவல் எனப் பல பணிகள் உண்டு. அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு ஆண்டுக்குச் சில நாட்கள் சேவை செய்யலாம்.

பத்து வருஷம் முடிச்சுட்டேன். மனசு கேக்கல, தொடர்ந்து போக வழி இருக்கா?

இருக்கிறது. சுற்றை முடித்தவர்கள் தற்காப்பு அமைச்சின் சேமப் பட்டியலுக்குப் போவார்கள். வழக்கமான ஐசிடி நின்றுவிடும். விரும்புபவர்கள் ரோவர்ஸ் திட்டத்தின் கீழ் தன்விருப்பத்தில் தொடரலாம். பிரிவுக்கு நீங்கள் தேவையா, உடல்நிலை சரியா என்று பார்த்துத்தான் ஏற்பார்கள். தளவாடப் பக்கத்தில் அனுபவசாலி சிக்யூவுக்கும் மூத்த மெக்கானிக்குக்கும் எப்போதும் தேவை இருக்கும். உங்கள் பட்டாளம் சுற்றை முடித்துக் கலைவதற்கு முன்பே எஸ்-ஃபோர் அதிகாரியிடம் சொல்லி வையுங்கள். வீட்டில் மனைவியிடம் கேட்டுவிட்டீர்களா? அதை முதலில் செய்துவிடுங்கள்.